மசாலா மூட்டைக்கு எந்த வேன்? டர்பனில் சொந்த டெலிவரி, யோசனை வேணும்

மசாலாமூட்டை | செவ்வாய், இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊர் காரைக்குடிப் பக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் வந்து 11 வருஷம் ஆச்சு. ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரு மசாலாக் கம்பெனியில் சரக்கு அனுப்பும் பிரிவைப் பார்க்கிறேன். அடுத்த மாதத்தோடு கம்பெனி தன் வண்டிகளை விற்றுவிட்டு டெலிவரியை வெளியாட்களிடம் விடப்போகிறது. உள்ளே இருந்தவர்களில் இரண்டு பேரை முதலில் கேட்டார்கள். நான் சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் இன்னும் சரியாகப் பேசவில்லை.

செட்டில்மெண்ட் 1,60,000 ரேண்ட் வரும். ஒரு கடையில் இறக்கினால் 55 ரேண்ட், நாளைக்குச் சுமார் 30 கடை. சாட்ஸ்வொர்த், இசிபிங்கோ, பீனிக்ஸ். வாரத்தில் இரண்டு நாள் டோங்காட், ஸ்டாங்கர். ஒரு நாள் பீட்டர்மாரிட்ஸ்பர்க். மேனேஜர் "பெரிய வண்டியாக் கொண்டு வா, பெரிய ரூட்டாத் தர்றேன்" என்கிறார். பழைய ஃபோக்ஸ்வேகன் கிராஃப்டர் 35 ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். பார்த்த நாளிலிருந்து கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. முன்பணம் போக மாதம் 12,500 தவணை வரும்.

எடுக்கலாமா? என் லைசென்ஸ் கோட் 8, சின்ன வண்டிக்கானது மட்டும்தான்.

வெருலம்_பையன் | செவ்வாய், இரவு 9.31

அண்ணா, யோசிக்காதீங்க, பெரிசா எடுங்க! நான் சுசுகி ஈக்கோ வேன்ல ஆன்லைன் பார்சல் ஓட்டுறேன். நம்ம ஊர் ஆம்னி வேனோட தம்பிதான், இந்தியாவுல இருந்தே வருது. பெட்ரோல் குடிக்கிறதே தெரியாது, சந்துல நுழையும், ஆனா இடம் பத்தவே பத்தாது. ஒரு மெத்தையும் ரெண்டு டிவி பெட்டியும் வந்தா அன்னைக்கு ரெண்டு ட்ரிப். சின்னதா எடுத்துட்டு நான் படுற பாடு போதும்.

கிளேர்வுட்_தாத்தா | புதன், காலை 4.50

வணக்கம் தம்பி. என் தமிழ் வீட்டுத் தமிழ், அஞ்சாவது தலைமுறை. நான் சொல்ல என் பேத்தி தட்டுறா. பிழை இருந்தா பொறுத்துக்கணும்.

நான் 43 வருஷம் காய்கறி ஏத்தினவன். எங்க அப்பா பெட்ஃபோர்ட் லாரி வச்சிருந்தாரு. வெருலம் பையன் சொல்றது அவன் சரக்குக்குச் சரி. மெத்தை இடத்தை அடைக்கும், எடை இல்லை. மசாலா மூட்டை இடத்தை அடைக்காது, ஆனா ஸ்பிரிங்கை உடைக்கும். கீரை ஏத்துறவனும் உருளைக்கிழங்கு ஏத்துறவனும் ஒரே வண்டி வாங்கக் கூடாது. உன் சரக்கு கீரையா கிழங்கா? அதைச் சொல்லு முதல்ல.

வண்டி பார்க்கப் போனா ஆளுங்க டயரை உதைப்பாங்க, கதவைத் தட்டுவாங்க. நீ கண்ணாடியில ஒட்டியிருக்கிற லைசென்ஸ் டிஸ்கைப் படி. அதுல ஜிவிஎம் இருக்கும், வண்டியும் பாரமும் சேர்ந்த உச்ச எடை. டேர் இருக்கும், காலி வண்டி எடை. பெரிசுல இருந்து சின்னதைக் கழி. மிச்சம்தான் உனக்கு. அதுலயும் நீயும் உன் கையாளும் உட்கார்ந்தா 150 கிலோ போச்சு.

பீனிக்ஸ்_அக்கா | புதன், காலை 8.05

தாத்தா சொன்னதுக்கு மேலே ஒன்று. நான் சின்ன வியாபாரங்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். டெலிவரிக்காரர்கள் மட்டும் ஏழெட்டுப் பேர். வண்டியைக் காட்டி "அக்கா, தவணை கட்டிரலாமா?" என்று கேட்டு வருவார்கள். ஒரு நாளைக்கு எத்தனை கிலோ என்று திருப்பிக் கேட்டால் முழிப்பார்கள்.

தம்பி, நீ சரக்கு அனுப்பும் பிரிவிலேயே இருக்கிறாய். போன மாத டெலிவரி நோட்டு எல்லாம் உன் கையில்தானே? சாதாரண நாள் எடை, மோசமான நாள் எடை, வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர், பணம் எத்தனை நாளில் கைக்கு வரும். இந்த நாலையும் எழுது. கிராஃப்டரைப் பிறகு பார்க்கலாம்.

மசாலாமூட்டை | புதன், இரவு 10.20

அக்கா, நோட்டை எடுத்துப் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது. நான்தான் தினமும் கையெழுத்துப் போடுகிறேன், ஒரு நாளும் கூட்டிப் பார்த்ததில்லை.

சாதாரண நாள்: 25 கிலோ மூட்டை 22, அது 550. ஊறுகாய்ப் பெட்டி 30, ஒவ்வொன்றும் கண்ணாடி பாட்டிலோடு 8 கிலோ, அது 240. அப்பளப் பெட்டி 40, தலா 3 கிலோ, 120. மொத்தம் 910 கிலோ. தீபாவளிக்கு முந்தின மூன்று வாரம் 1,300 தாண்டுகிறது. வாரத்துக்குச் சுமார் 900 கிலோமீட்டர். பணம் பில் போட்டு 30 நாளில் என்று சொல்கிறார்கள்.

தாத்தா, என் சரக்கு கிழங்கு. அப்பளம் மட்டும் கீரை.

கிளேர்வுட்_தாத்தா | வியாழன், காலை 4.45

சரி. அப்போ அரை டன் பக்கியை, பின்னால திறந்த அந்தச் சின்ன வண்டியை, மற. இங்கே ஆளாளுக்கு நிசான் என்பி200 வச்சிருந்தாங்க. நல்ல வண்டி, 2024-ல தயாரிப்பை நிறுத்திட்டாங்க, இப்போ பழசுக்கே விலை ஏறிப்போச்சு. காகிதத்துல 800 கிலோ. ரெண்டு ஆள், மேல ஒரு கூடு போட்டா 600 மிஞ்சும். உனக்கு 910. தினமும் 300 கிலோ திருட்டுப் பாரம்.

தீபாவளிக்காக வண்டி வாங்காதே தம்பி. தீபாவளிக்கு ரெண்டு ட்ரிப் அடி. மூணு வாரத்துக்காக 49 வாரம் காலி இடத்துக்குத் தவணை கட்டுவியா?

மசாலாமூட்டை | வியாழன், காலை 6.30

தாத்தா, ஒரு சின்ன விஷயம். வந்த புதிதில் மேனேஜர் "பக்கியை எடுத்துட்டு வா" என்றபோது பக்கத்தில் இருந்த ஆளைத்தான் திட்டுகிறார் என்று நினைத்தேன். எங்கள் ஊரில் சாப்பாட்டுக்கு அலைகிறவனைத்தான் பக்கி என்போம். 🙂

யாழ்_மெக்கானிக் | வியாழன், மதியம் 1.15

வணக்கம். பைன்டவுனில கராஜ் வச்சிருக்கிறன். உங்கட பட்டியலைப் பார்த்தால் ஒரு தொன் வாகனம்தான் சரி. ஆனா எந்த ஒரு தொன் எண்டதில கொஞ்சம் கதைக்க வேணும்.

ஹூண்டாய் எச்100, கியா கே2700 ரெண்டும் இஞ்ச தெருவுக்குத் தெரு ஓடுது. எஞ்சின் சீட்டுக்குக் கீழ, முன் மூக்குக் கட்டை. அதால வாகனம் குட்டையா இருந்தாலும் பின் தட்டு நீளமா வரும். சாட்ஸ்வொர்த் ஒழுங்கைக்குள்ள திருப்ப லேசு. எச்100-ல 2.6 லீற்றர் டீசல், ரேர்போ இல்லை. பழைய காலத்து எஞ்சின், எந்தக் கராஜிலும் செய்வாங்கள், சாமான் எங்கையும் கிடைக்கும். ஒண்டு மட்டும்: ரைமிங் பெல்ற். விக்கிறவர் "மாத்தியாச்சு" எண்டு சொன்னால் பில் கேளுங்கோ. பில் இல்லாட்டி மாத்தேல்லை எண்டு வச்சுக்கொள்ளுங்கோ. பெல்ற் அறுந்தால் தலை முழுக்கப் போகும், எஞ்சின்ர தலையும் உங்கட தலையும்.

முன் சில், அதாவது முன் சக்கரம், இழுக்கிற வேன்கள், ஃபோக்ஸ்வேகன் கேடி மாதிரி, வெறுமையா ஓடேக்க சொகுசு. பின்னால 700 கிலோ போட்டு மழை நாளில ஷால்கிராஸ் மேட்டில நிப்பாட்டி எடுத்துப் பாருங்கோ. முன் சில்லு சும்மா சுத்தும், வாகனம் நகராது. பாரம் பின்னால எண்டால் பின் சில் இழுக்கிறதுதான் நல்லது.

இன்னொண்டு, ஏறுறதை எல்லாரும் கேக்கிறாங்கள், இறங்கிறதை ஒருத்தரும் கேக்கிறேல்லை. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில இருந்து கடல் மட்டத்துக்கு இறங்கி வாறியள். 2013-ல ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில பிரேக் இல்லாத லொறி எத்தினை உயிரை எடுத்தது எண்டு பைன்டவுன் ஆக்கள் மறக்கேல்லை. பாரத்தோட இறங்கேக்க ஏறின கியரிலயே இறங்குங்கோ.

ஜோபர்க்_சிவகாசி | வியாழன், இரவு 8.40

மெக்கானிக் அண்ணா சொன்ன எச்100-ஐ இங்கே கொண்டு வந்து பாருங்கள். நான் அதைத்தான் மூன்று வருஷம் ஓட்டினேன். ஜோபர்க் சுமார் 1,750 மீட்டர் உயரம். டர்போ இல்லாத எஞ்சினுக்கு 100 மீட்டருக்கு ஒரு சதவீதம் சக்தி குறையும் என்று தோராயமாக வைத்துக்கொண்டால், ஆறில் ஒரு பங்கு மூச்சு போய்விடும். வான் ரீனன் கணவாயில் பாரத்தோடு ஏறும்போது பின்னால் வருகிறவன் ஹார்ன் அடிக்கக்கூட மாட்டான், பரிதாபமாகப் பார்த்துவிட்டுத் தாண்டுவான். இந்தப் பக்கம் லோடு பிடிக்கும் ஆசை இருந்தால் டர்போ உள்ளதாகப் பாருங்கள். கே2700-க்குப் பிறகு வந்த கே2500-ல் டர்போ உண்டு.

மசாலாமூட்டை | வியாழன், இரவு 9.05

ஜோபர்க் ஆசை இல்லை அண்ணா. பீட்டர்மாரிட்ஸ்பர்க் நார்த்டேலோடு சரி. அதைத் தாண்டி டவுன் ஹில் என்கிற மேட்டை ஏறுகிற வேலைகூட எனக்கு இல்லை.

ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மனசு இன்னும் கிராஃப்டரில்தான். 910 கிலோவை அது சத்தமில்லாமல் தூக்கும். முதுகு வளைக்க வேண்டாம். எனக்கு 46 வயது.

பீனிக்ஸ்_அக்கா | வெள்ளி, காலை 7.50

முதுகு வலி பொய்யில்லை தம்பி, அதையும் கணக்கில் வைப்போம். முதலில் லைசென்ஸ். கிராஃப்டர் 35-க்கு ஜிவிஎம் 3,500 கிலோ, உன் கோட் 8 அந்த எல்லை வரைக்கும் செல்லும். ஆனால் அதே முகத்தோடு கிராஃப்டர் 50 என்று ஒன்று இருக்கிறது, அது 5,000. 3,500-ஐ ஒரு கிலோ தாண்டினாலும் கோட் 10 வேண்டும், பிடிபி என்கிற தொழில்முறை ஓட்டுநர் அனுமதி வேண்டும், வண்டிக்கு ஆபரேட்டர் கார்டு வேண்டும். பிடிபியை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பழைய வண்டி விற்கிறவர் இதையெல்லாம் சொல்லமாட்டார். டிஸ்கைப் பார்.

இப்போது காசு. நாளைக்கு 30 கடை, 22 நாள், 55 ரேண்ட்: 36,300.

ஒரு டன் வண்டிக்கு, நீ பாதிக்கு மேல் முன்பணம் போட்டால் தவணை 5,200 என்று வைப்போம். இன்சூரன்ஸ் 1,900. சரக்குக்குத் தனி இன்சூரன்ஸ் 450. டிராக்கர் 180. மாதம் 3,900 கிலோமீட்டர், நூறுக்குப் பத்து லிட்டர், லிட்டர் 20 ரேண்ட் என்றால் டீசல் 7,800. டயர், சர்வீஸ், பெல்ட்டுக்கு என்று கிலோமீட்டருக்கு 1.20 எடுத்து வை, தொடவே தொடாதே, அது 4,680. மேரியன்ஹில், டோங்காட், உம்வோட்டி டோல் எல்லாம் சேர்த்து 900. கையாளுக்கு 6,000. கூட்டினால் 27,110. உனக்கு மிச்சம் 9,190. இதிலிருந்துதான் வீட்டுச் செலவு, வரி எல்லாம்.

கிராஃப்டருக்குத் தவணை 12,500, அது 7,300 கூடுதல். இன்சூரன்ஸ் ஒரு 1,500 கூடும். டீசலை ஏற்றாமலே மிச்சம் 390 ரேண்ட்.

மேனேஜர் தருவதாகச் சொன்ன அந்தப் பெரிய ரூட் எழுத்தில் இருக்கிறதா?

வெருலம்_பையன் | வெள்ளி, காலை 8.02

390 ரேண்டா! மாசம் பூரா கால் ரொட்டியைக் குடைஞ்சு குழம்பு ஊத்துற பன்னி சௌ தின்னாக்கூட பத்தாதே அக்கா.

மசாலாமூட்டை | வெள்ளி, காலை 11.30

எழுத்தில் இல்லை அக்கா. கேட்டேன். "அதெல்லாம் போகப் போகப் பார்க்கலாம்" என்றார். எத்தனை நாளில் பணம் என்பதும் ஒப்பந்த நகலில் 30 இல்லை, மாதக் கடைசியிலிருந்து 30. அப்படியென்றால் முதல் வாரம் ஓட்டிய காசு கைக்கு வர 60 நாள் ஆகும்.

பீனிக்ஸ்_அக்கா | வெள்ளி, மதியம் 12.10

இதுக்காகத்தான் கேட்டேன். இரண்டு மாதம் டீசல், கையாள் சம்பளம், தவணை எல்லாம் உன் கையிலிருந்துதான் போகும். 1,60,000-ஐ முழுசாக முன்பணத்தில் போட்டுவிட்டால் மூன்றாவது வாரம் பம்பில் நிற்கக் காசு இருக்காது. 55,000 தனியாக வை. அதைத் தொட்டால் என்னிடம் வராதே.

வாட் பற்றிக் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த வருமானத்துக்குப் பதிவு கட்டாயம் இல்லை. பின்னால் பதிவு செய்தால், முன் சீட்டு மட்டும் உள்ள சிங்கிள் கேப்புக்கும் மூடிய வேனுக்கும் கட்டிய வாட்டைத் திரும்பக் கேட்கலாம், பின் சீட்டும் உள்ள டபுள் கேப்புக்கு முடியாது. குடும்பத்தோடு கோவிலுக்கும் போகலாம் என்று டபுள் கேப் வாங்கி மாட்டிக்கொண்டவர் என்னிடம் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

மசாலாமூட்டை | சனி, மாலை 5.45

கிராஃப்டரை விட்டுவிட்டேன். இப்போது வேறு இரண்டு வண்டி கண்ணில் பட்டிருக்கின்றன, இரண்டும் மலிவு. ஒன்று துறைமுகத்தில் இறங்கிய ஜப்பான் டொயோட்டா வேன், பழசு ஆனால் பளபளவென்று இருக்கிறது. பாதி விலை. "பேப்பர் பின்னால் வரும்" என்கிறார்கள். இன்னொன்று தெரிந்தவர் மூலம் வந்த டொயோட்டா குவாண்டம் மூடிய வேன், கொஞ்ச கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. சந்தை விலையில் மூன்றில் இரண்டு பங்கு கேட்கிறார்.

கிளேர்வுட்_தாத்தா | ஞாயிறு, காலை 5.20

துறைமுக வண்டியைத் தொடாதே! அது நம்ம நாட்டுக்கு வந்ததில்லை. பக்கத்து நாட்டுக்குப் போற வழியில டர்பன்ல இறங்கினது. இங்கே பதிவு ஆகாது. பேப்பர் பின்னால வராது தம்பி, போலீஸ்தான் பின்னால வரும். எங்க தெருவுல ஒருத்தன் வாங்கி, வீட்டு முன்னால நிறுத்தி, இப்போ அதுல கோழி வளர்க்கிறான்.

யாழ்_மெக்கானிக் | ஞாயிறு, காலை 9.00

அந்தக் குவாண்டத்தை நான் ஒருக்காப் பார்க்கிறன், காசு வேண்டாம். இவ்வளவு மலிவெண்டால் எனக்கு முதல் சந்தேகம் வெள்ளம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில ப்ராஸ்பெக்டன் முழுக்கத் தண்ணி, டொயோட்டா தொழிற்சாலையே மாசக்கணக்கில நிண்டது. அந்தப் பக்கத்தில நிண்ட வாகனங்கள் எங்க போனது எண்டு நினைக்கிறியள்? கழுவித் துடைச்சுக் கைமாறி ஓடிக்கொண்டிருக்கு.

நான் வரமுதல் நீங்களே பார்க்கலாம். சீற் பெல்ற்றை முழுக்க இழுங்கோ, கடைசி வரைக்கும். மேல் பாதி சுத்தமாயும் அடிப் பாதியில மண் நிறக் கோடும் இருந்தால் கதை முடிஞ்சுது. சீற் தண்டவாளத்து நட்டுக்களில துரு இருக்கோ பாருங்கோ. கம்பளத்தைத் தூக்கி மணந்து பாருங்கோ, வெளியில வாசனைத் திரவம் அடிச்சாலும் அடியில சேத்து மணம் போகாது. பதிவுப் பத்திரத்தில கோட் 2 எண்டால் சாதாரணப் பழைய வாகனம். கோட் 3 எண்டால் உடைஞ்சு திருப்பிக் கட்டினது, அதுக்கு வங்கி பெரும்பாலும் கடன் தராது.

மசாலாமூட்டை | ஞாயிறு, இரவு 7.30

பெல்ட்டை இழுத்தேன். கோடு இருந்தது. விற்கிறவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. டீ கொடுத்தார், குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

பீனிக்ஸ்_அக்கா | ஞாயிறு, இரவு 8.15

நல்ல குவாண்டம் கிடைத்தாலும் இன்சூரன்ஸ் விலையைக் கேட்டுவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும் தம்பி. இங்கே மினிபஸ் டாக்சிகள் எல்லாம் அதுதான், பாகங்களுக்குக் கிராக்கி, அதனால் திருடனுக்கும் அதன்மேல் கண். வண்டி நல்ல வண்டிதான், குறை சொல்லவில்லை.

எந்த வண்டியானாலும் இன்சூரன்ஸ் பாரத்தில் "வியாபார உபயோகம்" என்று எழுது. சொந்த உபயோகம் என்று எழுதி மாதம் 400 மிச்சம் பிடித்த ஒருவருக்கு, வண்டி போனபோது ஒரு காசும் வரவில்லை. வண்டி இன்சூரன்ஸ் சரக்கைக் காக்காது, அதனால்தான் அந்தத் தனி 450. அதிலும் ராத்திரி ஆளில்லாத வண்டியில் சரக்கு இருந்தால் உண்டா இல்லையா என்று ஒரு வரி இருக்கும், அதைத் தேடிப் படி. பாரம் அளவுக்கு மேல் இருந்ததா என்றும் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் தாத்தா உன்னைக் கழிக்கச் சொன்னார்.

ஜோபர்க்_சிவகாசி | திங்கள், காலை 6.10

நான் ஒரு யோசனை சொல்கிறேன். வாங்குவதற்கு முன்னால் உயரக் கூரை வேன், எச்100 இரண்டையும் ஒவ்வொரு நாள் வாடகைக்கு எடுத்து, கம்பெனி சரக்கையே ஏற்றி ஓட்டிப் பாருங்கள். வாடகை வலிக்கும். தப்பான வண்டி அஞ்சு வருஷம் வலிக்கும்.

மசாலாமூட்டை | வியாழன், இரவு 10.45

சிவகாசி அண்ணா சொன்னபடியே செய்தேன். நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

செவ்வாய்க்கிழமை உயரக் கூரை வேன். காலையில் ராஜா மாதிரி இருந்தது. நிமிர்ந்து நின்று பெட்டி எடுத்தேன், முதுகு வலியே இல்லை. பக்கக் கதவு இடது பக்கம், நடைபாதையைப் பார்த்து இறங்கலாம், இதை நான் யோசித்ததே இல்லை. பத்து மணிக்கு மேல்தான் வினை. இரண்டு சூப்பர்மார்க்கெட்டில் சரக்கு இறக்கும் இடம் அடித்தளத்தில் இருக்கிறது. உயரக் கம்பி தொங்குகிறது. வண்டி நுழையாது. தெருவில் நிறுத்தித் தள்ளுவண்டியில் ஆறு நடை. சாட்ஸ்வொர்த்தில் ஒரு கடைக்குப் பின்னால் நுழைந்து திருப்ப முடியாமல் ரிவர்சிலேயே மேடேறி வந்தேன், இரண்டு மாமிகள் வாசலில் நின்று வழி சொன்னார்கள், இருவரும் வேறு வேறு பக்கம். அன்றைக்கு 24 கடைதான் முடிந்தது. திறந்து பார்த்தால் வண்டிக்குள் பாதி இடம் காற்று.

புதன்கிழமை எச்100, பக்கத் தட்டு திறக்கிற வண்டி. ஏற்றுவது அவ்வளவு சுலபம். மூன்று பக்கமும் திறக்கலாம், ஃபோர்க்லிஃப்ட் நேராகப் பக்கவாட்டில் பேலட்டை வைத்துவிட்டது. எங்கள் பேலட் 1,200-க்கு 1,000 மில்லிமீட்டர். மூடிய வேன் வாங்குகிறவர்கள் சக்கர மேடு இரண்டுக்கும் நடுவே டேப் வைத்து அளந்து பார்க்க வேண்டும், செவ்வாய்க்கிழமை நான் அளக்காமல் போய் மூட்டையைக் கையால் அடுக்கினேன். அடித்தளக் கம்பியின் கீழே எச்100 தலை குனியாமலே போனது. மதியத்துக்குள் 26 கடை. அப்புறம் பீனிக்ஸில் மழை. டர்பன் மழை தெரியும்தானே, சொல்லிக்கொண்டு வராது. தார்ப்பாய் கட்டுவதற்குள் இரண்டு மூட்டை மல்லித்தூள் நனைந்துவிட்டது. 600 ரேண்ட் என் கணக்கில். அதுவும் போக, சிவப்பு விளக்கில் நிற்கும்போது பின்னால் யாராவது ஏறுகிறார்களா என்று கையாள் திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது.

எனக்கு வேண்டியது எச்100-ன் காலும், வேனின் கூரையும். எங்கே கிடைக்கும்?

யாழ்_மெக்கானிக் | வெள்ளி, காலை 7.20

பெட்டி கட்டின எச்100. ரொட்டிக் கடைக்காரர், சலவைக்காரர் எல்லாம் அதைத்தான் வச்சிருக்கிறாங்கள். ஆனா பெட்டி சும்மா வராது. ஒரு 200, 250 கிலோவை அதுவே சாப்பிடும். உங்களுக்கு 910-ம் ரெண்டு ஆளும் போக மிச்சம் இருக்கோ எண்டு முதல் பாருங்கோ. உயரத்தையும் அந்தக் கம்பியை நினைச்சு அளவுங்கோ.

கிளேர்வுட்_தாத்தா | வெள்ளி, காலை 7.55

எடைமேடையில காலியா நிறுத்தி ஒரு சீட்டு வாங்கு. பெட்டி கட்டின பிறகு டிஸ்க்ல இருக்கிற டேரை மாத்தாதவன் நிறையப் பேர். டிஸ்க் பொய் சொல்லும், எடைமேடை சொல்லாது.

மசாலாமூட்டை | அடுத்த புதன், இரவு 9.30

கிடைத்துவிட்டது. மூடிப்போன ஒரு பேக்கரியின் எச்100, பெட்டி கட்டினது. மெக்கானிக் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை கீழே படுத்துப் பார்த்தார். ரைமிங் பெல்ட் பில் இருந்தது. பெட்டிக்கு அடிச் சட்டத்தில் கடல்காற்றுத் துரு, சுரண்டிப் பூச 3,500 ஆகும் என்றார், அதை விலையில் குறைத்தோம். சீட் பெல்ட்டை இழுத்துப் பார்த்தேன், இப்போது எந்த வண்டியில் ஏறினாலும் கை தானாக அங்கே போகிறது.

எடைமேடையில் நிறுத்தினேன். தாத்தா சொன்னது சரி, டிஸ்கில் இருப்பதைவிட 210 கிலோ அதிகம். உண்மையான எடையை வைத்துக் கழித்தால் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து 1,090 கிலோ ஏற்றலாம். 910-ம் 150-ம் 1,060. முப்பது கிலோ மிச்சம். டேரை மாற்ற எழுதிக் கொடுத்துவிட்டேன்.

முன்பணம் 1,00,000. 55,000 தனிக் கணக்கில், அட்டை வீட்டுக்காரியிடம். இப்போது பேசுகிறாள்.

பீனிக்ஸ்_அக்கா | அடுத்த புதன், இரவு 9.50

முப்பது கிலோதானா. தீபாவளிக்கு?

மசாலாமூட்டை | அடுத்த புதன், இரவு 9.58

ரெண்டு ட்ரிப்.

வெருலம்_பையன் | அடுத்த புதன், இரவு 10.04

பெட்டியில இன்னும் பன்னு படம் இருக்கா அண்ணா? அழிக்காதீங்க, மசாலா பன்னுன்னு எழுதிடலாம்.

கிளேர்வுட்_தாத்தா | வியாழன், காலை 4.40

சந்தோஷம் தம்பி. தைப்பூசத்துக்கு நம்ம கோவிலுக்கு வாழைத்தாரும் தேங்காயும் கொண்டு வரணும், என் வண்டி கராஜ்ல இருக்கு. ஞாயிறு ஒரு நடை வருவியா? காசு கொடுத்துடுவேன்.

மசாலாமூட்டை | வியாழன், காலை 5.05

காசு வேண்டாம் தாத்தா, வருகிறேன். எத்தனை கிலோ?